கன்னத்தில் தங்கிய ஊசிகள்

தையற்காரியின் கன்னத்தில் மருந்து ஏறிய மதியம், தெருவிலிருந்த ஊசியெல்லாம் அவள் பக்கம் திரும்பின. துணிக்கடைக் குண்டூசி, செருப்புத் தைப்பவரின் கோணி ஊசி, ஒன்று பாக்கியில்லை. தெருக்காரர்களுக்குள் கொஞ்ச நேரம் அதே பேச்சாயிருந்தது. பிறகு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

கன்னத்தில் இருந்தது தோல் புற்றுநோய். மிளகளவுதான், விட்டால் பாதி முகத்தை வெட்ட வேண்டிவரும் என்றிருந்தார் டாக்டர். அதனால் நர்ஸ் ஒரு சின்னப் பிளாஸ்திரியை ஒட்டினாள். அதன் அடியில் முடியைவிட மெல்லிய ஊசிகள். தோலுக்குள் போய்க் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்களை விட்டுவிடும். மறுநாள் ஆஸ்பத்திரி விளக்கொளி பட்டதும் துகள்கள் சூடேறிப் புற்றை மட்டும் பொசுக்கும். எல்லாம் சரி, உரித்த பிளாஸ்திரியில் ஒரு ஊசிகூட இல்லையே! தையற்காரிக்குச் சுருக்கென்றது. குத்திய ஊசியை எடுக்காமல் எந்தத் துணியையும் வாசல் தாண்ட விடாதவள் அவள். காந்தத்தால் தடவிப் பார்த்த பிறகே கொடுப்பாள். கை சும்மா இருக்குமா? வீட்டுக்கு வந்ததும் கன்னத்திலும் தடவினாள். மாவு மாதிரி மினுமினுவென்று அத்தனையும் காந்தத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. தெருவில் ஊசிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

"அடிப்பாவி, மருந்தையே வழிச்சு எடுத்துட்டியே!" இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவன் அலறினான். சட்டை கருகியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"முகத்த வெட்டிட்டா என்னைப் பாக்கப் பிடிக்குமாங்க உங்களுக்கு?"

"வாயக் கழுவு. நீ இருந்தாப் போதும் எனக்கு," என்றவன் கருகிய சட்டையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் நர்ஸ் திட்டித் தீர்த்துவிட்டு வேறு பிளாஸ்திரி ஒட்டினாள். இந்த முறை விளக்கு வரும்வரை மனைவியின் இரண்டு கைகளையும் கணவன் விடவேயில்லை. வெளிச்சம் பட்டபோது தட்டிலிருந்த ஊசிகளெல்லாம் எழுந்து நின்று பார்த்தன. நர்ஸ் அவற்றை அதட்டிப் படுக்க வைத்தாள். சில மாதத்தில் கட்டி காய்ந்து, பொத்தான் அறுந்த மாதிரி மடியில் விழுந்தது. சோதித்துப் பார்த்த டாக்டர், புற்று போய்விட்டது என்றார்.

ஊசிகள் மட்டும் இன்றுவரை அவளையே பார்க்கின்றன. காந்தத்தைத் தூக்கி எறிந்துவிட்டாள். தைத்த உடையைக் கன்னத்தருகே பிடித்தால், மறந்துபோன குண்டூசி தானாக எழுந்து வருகிறது. உள்ளே போனதை எடுக்க வேண்டாமா என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வரும்.

"அது குண்டூசி இல்லம்மா, தையல். தையலப் போய் யாராவது பிரிப்பாங்களா?" என்றபடி அடுத்த துணியை எடுக்கிறாள்.