விழுந்து எழுந்ததைப் போடுங்க

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வளைகுடாவில் முவைலா என்ற இடத்தில் என்ஜினீயர் ரவிசங்கரின் வீட்டு சோபாவில் ஜெயசீலன் நுனியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே சாய்ந்தால் எழுவது பாடு. ஆறு மாதமாக வலது முட்டி சரியில்லை. தொழிலாளர் கேம்பில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சாரம் கட்டுகிறவனுக்கு உயரத்தில் ஏற பாஸ் வேண்டும். வருஷா வருஷம் அதில் கையெழுத்துப் போடுகிறவர் இதே ரவிசங்கர். அடுத்த கையெழுத்து இந்த மாதக் கடைசியில். பாஸ் போனால் ஊருக்கு டிக்கெட்தான்.

"புட்பால்னு பேருதான் ஜெயசீலன். காலால தொடவே மாட்டாங்க," என்று ரவிசங்கர் டிவியைக் காட்டினார்.

"அப்ப எதுக்கு சார் அந்தப் பேரு?"

"அதை அமெரிக்காக்காரன்கிட்டதான் கேக்கணும்."

அவர் மகன் விஷால் அமெரிக்காவில் காலேஜில் மூன்றாம் வருஷம்; லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவது அவன் வேலை. மறிக்க வருகிற ஒவ்வொருவனும் ஃப்ரிட்ஜ் கனம். படிப்பை விட்டுச் சம்பள ஆட்டத்துக்குப் பேர் கொடுப்பதா, இன்னும் ஒரு வருஷம் காலேஜிலேயே ஆடுவதா என்று இந்த வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும். கொடு என்கிறார் கோச். கூடாது என்கிறாள் அம்மா வசந்தகுமாரி. ரவிசங்கர் இருவரையும் நம்பவில்லை. புதிதாக வருகிற ஆட்களில் யார் மேலே ஏறலாம், யார் கீழே நின்று பைப் எடுத்துக் கொடுக்கலாம் என்று பதினெட்டு வருஷமாகக் காலைப் பார்த்தே பிரிக்கிறவர் ஜெயசீலன். அதனால் அவரை அழைத்திருந்தார்.

விஷால் வீடியோ போட்டான். ஆறு நிமிஷம் ஓடினான். ஒருவனும் பிடிக்கவில்லை.

"எப்படி அங்கிள்?"

"நல்லா ஓடுதீங்க தம்பி. நம்ம கபடிதான், மூச்சு விடலாம் போல. விழுந்து எழுந்ததைப் போடுங்க."

"இதுல அது இல்ல அங்கிள். இது பெஸ்ட் கிளிப்ஸ்."

"ஏறும்போது எல்லாவனும் நல்லாத்தான் ஏறுவான். இறங்கும்போதுதான் ஆள் தெரியும். முழு ஆட்டம் இருக்கா?"

இருந்தது. மூன்று மணி நேரம். வசந்தகுமாரி இரண்டு தடவை டீ கொண்டுவந்தாள். "அவருக்கு லீவே இன்னிக்கு ஒரு நாள்தாங்க," என்று கணவனிடம் முணுமுணுத்தாள்.

ஜெயசீலன் பந்தைப் பார்க்கவேயில்லை. விஷால் கையில் பந்து இல்லாத நேரம் என்ன செய்கிறான் என்று பார்த்தார். விஷால் அணியில் பந்து எறிகிறவனைச் சாய்க்க எதிரணிக்காரன் ஒருவன் பாய்ந்து வந்தான். விஷால் குறுக்கே விழுந்து தாங்கினான்.

"இது நல்லாருக்கு."

"இதையெல்லாம் யாரு அங்கிள் பாப்பா?"

"வேலை குடுக்கவன் பாப்பான்."

விஷால் இருபத்திரண்டு தடவை விழுந்தான். பாதி ஆட்டத்துக்கு மேல் ஒவ்வொரு தடவையும் இடது காலை ஊன்றித்தான் எழுந்தான். வலது கால் பின்னால் வந்து சேர்ந்தது. பிறகு ஹெல்மெட் பட்டியைச் சரிசெய்கிற சாக்கில் கொஞ்சம் நின்றான். சைட்டில் ஜெயசீலன் பெல்ட்டைச் சரிசெய்கிற சாக்கில் நிற்பார்.

சொன்னால், எப்படித் தெரியும் என்று ரவிசங்கர் கேட்பார். என்ஜினீயர், கேட்காமல் விடமாட்டார். சொல்லாவிட்டால் இந்த முட்டியோடு இவன் அந்த ஃப்ரிட்ஜ்களுக்கு நடுவே போவான். ஜெயசீலன் ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார்.

"வலது முட்டி. எத்தனை நாளா தம்பி?"

விஷால் அப்பாவைப் பார்த்தான். "அக்டோபர்ல இருந்து. கோச்சுக்குத் தெரியாது."

"டேய்!" என்றாள் வசந்தகுமாரி.

"ஆள் நல்ல ஆள் சார்," என்றார் ஜெயசீலன். "முட்டியைச் சரிபண்ணிட்டு அடுத்த வருஷம் ஏறட்டும். இப்ப வேண்டாம்."

ரவிசங்கர் டிவியை அணைத்தார். "பெத்தவங்களுக்குத் தெரியல, கோச்சுக்குத் தெரியல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கும் அதே முட்டி சார். ஆறு மாசமாச்சு."

"ஆறு மாசம். போன வாரம் எத்தனாவது மாடியில நின்னீங்க?"

"பதினொண்ணு சார்."

ரவிசங்கர் மகனைப் பார்த்தார், ஜெயசீலனைப் பார்த்தார். யாரை முதலில் திட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது.

"நாளைலேருந்து நீங்க மேல ஏறக்கூடாது."

"சரி சார்."

"செவ்வாய்க்கிழமை காலைல இவனை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் வாங்க."

"டூட்டி இருக்கே சார்."

"என்ன டூட்டி?"

ஜெயசீலன் யோசித்துப் பார்த்தார். இல்லைதான்.

"எத்தனை மணிக்கு சார்?" என்றார்.