ஸ்டிக்கரில் இருந்த நம்பர்

தெருவிலுள்ள பழைய போன் கம்பிகளையெல்லாம் எடுக்கப்போகிறோம், வருஷக் கடைசிக்குள் வேறு இணைப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று கம்பெனி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனதிலிருந்து சொனோக்குக்கு நிம்மதி போயிற்று.

அவள் கணவன் ஜோங்து பாய்லர் ரிப்பேர் செய்பவன். கொரிய ஊரான ஜெச்சோனின் குளிரில், தரைக்கடியில் வெந்நீர் ஓட்டிச் சூடேற்றும் பாய்லர் ஒரு வீட்டில் நின்றால் அரை நாளில் தரையில் கால் வைக்க முடியாது. ஜோங்து வேனும் கையுமாக ஊரைச் சுற்றிக்கொண்டிருப்பான். கடையில் உட்கார்ந்து போனை எடுப்பது, விலாசம் கேட்பது, அவனை அங்கேயும் இங்கேயும் விரட்டுவது எல்லாம் சொனோக்கின் பாடு. கடைக்கு விளம்பரம் என்று தனியாக எதுவும் கிடையாது. ஊரிலுள்ள பாய்லர்களில் பாதியின் வயிற்றில் கடையின் பெயரும் நம்பரும் போட்ட மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். பாய்லர் மக்கர் பண்ணினால் ஜனங்கள் அதைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். சோறு போடுவதே அந்த நம்பர்தான்.

இன்டர்நெட் போன் மலிவு என்று எல்லோரும் சொன்னார்கள். எது மலிவு, எது மலிவு போல இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. சொனோக் ஒவ்வொரு கம்பெனியாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். போன் விற்கிற கம்பெனியில் போனை எடுக்க ஆள் இல்லை. ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, பாட்டைக் கேள் என்று இழுத்தடித்தார்கள். ஒரு கம்பெனியில் கருவி இலவசம், ஆனால் மூன்று வருஷத்துக்கு விலக முடியாது. இன்னொன்றில் மாதக் கட்டணம் காப்பி விலைதான், ஆனால் கைபேசிகளுக்கு அடித்தால் தனிக் கணக்கு. இந்தக் காலத்தில் வீட்டில் வேறு என்ன போன் இருக்கிறது?

பக்கத்து ஊரான வோன்ஜுவில் இருந்த ஒரு சின்னக் கம்பெனியில் மட்டும் இரண்டாவது மணியிலேயே ஒரு மனிதன் எடுத்தான். சளி பிடித்த குரல்.

"கரண்ட் போனா போனும் போயிடும்ங்க. அப்ப உங்க செல்லுக்குத் திருப்பி விடுற மாதிரி நான் செஞ்சு தர்றேன். இதைச் சொல்லாம வித்தா நாளைக்கு நீங்கதான் என்னைத் திட்டுவீங்க."

"பழைய நம்பர் அப்படியே வருமா?"

"வரும். யாரு பேர்ல இருக்கு?"

"எங்க நம்பர்தாங்க."

"எதுக்கும் ஒருதடவை பாத்துக்குங்க."

அவனுடைய விலை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், பழைய போனைவிடக் குறைவுதான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

யோசிக்க விடவில்லை. மறுநாளே ஜோங்துவின் தம்பி ஜோங்கில் ஒரு பெட்டி மாண்டரின் ஆரஞ்சோடு வந்து நின்றான். கார் விற்றான், காப்பீடு விற்றான். இப்போது ஒரு இன்டர்நெட் போன் கம்பெனிக்கு முகவர்.

"என்ன அண்ணி, வீட்டுலயே ஆள் இருக்கும்போது வெளியாள்கிட்ட விசாரிக்கிறீங்களாமே?"

"பழைய நம்பர் வேணும் தம்பி. அது இல்லாட்டி கடையே இல்ல."

"அது பின்னாலயே வந்துடும். ரெண்டு வாரம். முதல்ல கையெழுத்தைப் போடுங்க."

ஜோங்து கைக்கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "அவன் நமக்கு கெட்டதா செய்யப்போறான்? போடு" என்றான். போட்டாள்.

கருவி வந்தது, அழகாகத்தான் இருந்தது. அதன் நம்பர் சைபர்-ஏழு-சைபர் என்று ஆரம்பித்தது. பழைய நம்பர் வரும்வரை வருகிற அழைப்புகளைப் பழைய போனில் எடுத்து, போகிற அழைப்புகளைப் புதியதில் செய்யச் சொன்னான் ஜோங்கில். அப்போதுதான் மிச்சமாகுமாம்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. சைபர்-ஏழு-சைபர் என்று திரையில் வந்தால் ஊரில் ஒருவரும் எடுப்பதில்லை. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கழுத்தை அறுப்பவர்களின் நம்பர் அது. நூடுல்ஸ் கடை மியோங் காலையில் கூப்பிட்டு, வீட்டில் பாய்லர் நின்றுவிட்டது, உடனே ஆள் அனுப்பு என்றாள். ஜோங்து போய்ப் பார்த்தால் அங்கே வேறு குடும்பம். மியோங் வீடு மாறியிருந்தாள். புது விலாசம் கேட்கச் சொனோக் புது போனில் திரும்பத் திரும்ப அடித்தாள். மணி போயிற்று, யாரும் எடுக்கவில்லை. பிறகு மணியே போகவில்லை. கடைசியில் தன் கைபேசியிலிருந்து அடித்தபோது மியோங் எடுத்தாள். அதற்குள் அவள் வாசலில் வேறு கடை வேன் நின்றுகொண்டிருந்தது.

"நீதானா அது? லோன் குடுக்கிற கும்பல்னு நினைச்சு பிளாக் பண்ணிட்டேன்டி. நீ எப்ப அந்தத் தொழிலுக்குப் போனே?"

சொனோக்குக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து தன் கைபேசியிலேயே எல்லோரையும் கூப்பிட்டாள். புது போன் மேசையில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தது, மாதாமாதம் காசு வாங்கிக்கொண்டு.

இரண்டு வாரம் ஐந்து வாரமானது. கூப்பிட்டபோதெல்லாம் ஜோங்கில் கூட்டத்தில் இருந்தான், கார் ஓட்டிக்கொண்டிருந்தான், பல் டாக்டரிடம் இருந்தான். ஒருநாள் அவன் ஆபீசுக்கே போய் அவன் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அது வந்து அண்ணி, அந்த நம்பர் உங்க பேர்லயே இல்ல. தக்னு யாரோ ஒரு பெரியவர் பேர்ல இருக்கு. அவரு சம்மதிச்சாத்தான் மாத்த முடியும்."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

ஜோங்கில் பேனா மூடியைத் திருகினான்.

"முதல் நாளே தெரியும், இல்ல? உனக்குக் கமிஷன் வந்துடுச்சு. அதான் வாயைத் திறக்கல."

தக் என்பவர் அந்தக் கடையை அவர்களுக்கு விற்றவர். விற்ற பிறகும் பழைய வாடிக்கையாளர் வீடுகளுக்குத் திருட்டுத்தனமாக ரிப்பேர் பார்க்கப் போய், சந்தையில் வைத்து ஜோங்துவோடு கட்டிப்புரளாத குறையாகச் சண்டை போட்டவர். அதோடு பேச்சு நின்றது. நம்பரின் பெயரை மாற்ற வேண்டும் என்று இரண்டு பக்கமும் யாருக்கும் தோன்றவில்லை. பில் வந்தது, கட்டினார்கள்.

தக் முதியோர் மன்றத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தார்.

"உன் வீட்டுக்காரன் வரலையா?"

"வந்தா சண்டைதான் வரும். அதான் நான் வந்தேன்."

விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தக் சீட்டை விசிறி போல விரித்தார். "கடையை வித்தேன். சாமானை வித்தேன். நம்பரை வித்தேன்னு எங்க எழுதியிருக்கு?"

"இத்தனை வருஷமா பில் கட்டினது யாரு, உங்க பாட்டனா?"

கூட ஆடிய கிழவர்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். தக் முகம் சிவந்தது. "எம்பேர்ல இருக்குன்னு எனக்கே தெரியாதும்மா" என்றார், கொஞ்சம் இறங்கி. "இப்ப நான் என்ன செய்யணும்?"

செய்ய வேண்டியது எளிது என்றது பழைய போன் கம்பெனியின் பதிவு செய்த குரல். அவர் பெயரிலுள்ள கைபேசிக்கு ஒரு எண் வரும், அதைச் சொன்னால் போதும். தக்கின் கைபேசி அவர் மகள் பெயரில் இருந்தது. மகள் புசானில். அப்படியானால் நேரில் வாருங்கள் என்றது குரல். ஜெச்சோன் கிளையை மூடிவிட்டார்கள். அடுத்த நகரமான சுங்ஜுவுக்குப் போக வேண்டும்.

போனார்கள். வழுக்கும் சாலையில் சொனோக் கார் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து தக் வழிநெடுக, உன் புருஷன் குழாயை இணைக்கிற லட்சணத்தை நான் பார்த்திருக்கிறேன் என்று ஆரம்பித்து, அவன் பற்றவைப்பு, அவன் வேன், அவன் தொப்பி என ஒன்றையும் விடவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இவரை நடு ரோட்டில் இறக்கிவிட்டால் நம்பரும் கூடவே இறங்கிவிடும்.

டோக்கன் வாங்கிக் காத்திருந்து கவுன்டருக்குப் போனபோது, அங்கிருந்த பெண் தக்கின் அடையாள அட்டையைப் பார்த்துக் கேட்டாள். "ஐயா, விருப்பத்தோடதான் மாத்திக் குடுக்கிறீங்களா?"

"விருப்பம் என்ன விருப்பம். இந்தம்மா விடமாட்டேங்குது. எழுதிக்க."

அந்தப் பெண் எழுதாமல் பார்த்தாள். சொனோக் தக்கின் பக்கம் திரும்பினாள். "விருப்பம்னு சொல்லுங்க ஐயா" என்றாள், பொறுமையெல்லாம் தீர்ந்த குரலில்.

தக் அவளை ஒருமுறை பார்த்தார். "விருப்பம்தான்" என்றார்.

திரும்பி வந்த கையோடு வோன்ஜு மனிதனைக் கூப்பிட்டாள். ஜோங்கிலின் கம்பெனி இணைப்பைக் காலக்கெடுவுக்கு முன்பே விட்டதற்கு அபராதம் கட்ட வேண்டியிருந்தது. அது தெரிந்து ஜோங்கில் ஓடி வந்தான்.

"குடும்பத்துக்குள்ள இப்படிச் செய்யலாமா அண்ணி? ஆபீஸ்ல எனக்கு என்ன மரியாதை?"

"குடும்பம்னாதான் தம்பி முதல் நாளே சொல்லியிருக்கணும்."

ஜோங்து இரண்டு பேரையும் பார்க்காமல் ஒரு வால்வைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் தன் பக்கம் ஒரு வார்த்தை பேசுவான் என்று சொனோக் காத்திருந்தாள். "அபராதம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டான். பின்னால் புதுவருஷப் பண்டிகைக்கு ஜோங்கில் வந்தான், அண்ணனோடு குடித்தான். அண்ணி கொடுத்த, அரிசிமாவு வில்லைகள் போட்ட பண்டிகைச் சூப்பைத் தொடாமல் எழுந்து போனான்.

வருஷம் முடிய இரண்டு நாள் இருக்க, நம்பர் மாறி வந்த அன்று கடுங்குளிர். காலையிலிருந்து வோன்ஜு மனிதன் தந்த புதுக் கருவி ஓயாமல் அடித்தது. நடுவில் தக் கூப்பிட்டார்.

"சரியா வேலை செய்யுதான்னு பாத்தேன். ஏம்மா, உன் குரல் கிணத்துக்குள்ளேருந்து வருது? ஒரு வார்த்தை சொன்னா மறு வார்த்தை வர நேரமாகுது. இதுக்கா என்னைச் சுங்ஜு வரைக்கும் இழுத்துட்டுப் போனே?"

"மலிவுன்னா அப்படித்தான் இருக்கும் ஐயா."

"என் காலத்துல—"

"வையுங்க ஐயா, இன்னொரு லைன் வருது" என்றாள் சொனோக். வைத்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள். ஒரு பெண், வீட்டில் சின்னக் குழந்தை, தரை ஜில்லிட்டுவிட்டது என்றாள். குரல் பாதியில் அறுந்து அறுந்து வந்தது. சொனோக் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "விலாசம் சொல்லுங்க, மெதுவா, மறுபடியும் சொல்லுங்க" என்று கத்தினாள். ஜோங்து காலணியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.