நிறுவனர் தலையில் நின்ற பாட்டில்

அந்த வருடம் பள்ளியில் யாரும் தண்ணீர் குடித்ததாகத் தெரியவில்லை. குடித்துவிட்டால் ஆட்டம் கெட்டுவிடும். பாட்டிலில் கால்வாசி தண்ணீர் இருக்க வேண்டும். கழுத்தைப் பிடித்துச் சுழற்றி எறிய வேண்டும். அது காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் நிமிர்ந்து நிற்க வேண்டும். மேசை மேல் எறிந்தார்கள், ஜன்னல் விளிம்பில் எறிந்தார்கள், தூங்குகிற நண்பனின் முதுகில் எறிந்தார்கள். வேதியியல் ஆய்வகத்தில் ஒருவன் அமிலப் பாட்டிலைக் கையில் எடுத்தபோதுதான் தலைமையாசிரியர் விழித்துக்கொண்டார். இனி பாட்டில் எறிபவர் யாராக இருந்தாலும் இடைநீக்கம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். ஆட்டம் கழிப்பறைக்கு இடம் மாறியது.

இதில் கொக்குக்கு மட்டும் பங்கே இல்லை. பதினொன்றாம் வகுப்புக்காரி, கையும் காலும் கட்டுப்பாடில்லாமல் வளர்ந்ததால் அந்தப் பெயர். அவள் எறிந்த பாட்டில் ஒருநாளும் நின்றதில்லை. உருண்டது, உடைந்தது, ஒருமுறை மின்விசிறியில் பட்டு வகுப்பு முழுக்க மழை பெய்தது. அன்று வகுப்பைப் பார்வையிட வந்திருந்த தலைமையாசிரியரும் நனைந்தார். அதே வகுப்பில் சூரன் என்று ஒருவன் இருந்தான். பாட்டிலைப் பார்க்காமலே எறிந்து நிறுத்துவான்; நிறுத்திவிட்டுத் தலைமுடியைக் கோதிக்கொள்வான்.

ஒரு மாலை எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு கொக்கு முற்றத்தில் அம்மாவுக்காகக் காத்திருந்தாள். அம்மா நகரப் பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்ததும் வந்து அழைத்துப்போவதாகச் சொன்னவளைக் காணவில்லை. பசி வேறு வயிற்றைக் கிள்ளியது. முற்றத்தின் நடுவே உயரமான பீடத்தில் பள்ளி நிறுவனரின் மார்பளவுச் சிலை இருந்தது. சிற்பிக்குக் கடைசியில் பொறுமை போய்விட்டதோ என்னவோ, நிறுவனருடைய தொப்பியின் உச்சியை மட்டும் பலகைபோல் தட்டையாக விட்டிருந்தார். கொக்கு கடுப்பில் கையிலிருந்த பாட்டிலை மேலே விட்டெறிந்தாள். குறி ஏதும் பார்க்கவில்லை. அது சுழன்று போய்த் தொப்பியின் மேல் ‘டக்’கென்று உட்கார்ந்து, லேசாகத் தள்ளாடி, நின்றுவிட்டது.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு காக்காய்கூட இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சாதனை செய்திருக்கிறாள், பார்க்க நாதியில்லை. அம்மா வந்ததும் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து கதையைச் சொன்னாள். அம்மா அப்போது குறுக்கே வந்த வேன்காரனின் பரம்பரையை விசாரித்துக்கொண்டிருந்ததால் காதில் ஏறவில்லை.

மறுநாள் காலை முற்றத்தில் திருவிழாக் கூட்டம். யார் வேலை இது என்று சூரனைக் கேட்டார்கள். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, தலைமுடியைக் கோதினான். இடைவேளைக்குள் சாதனை அவன் பெயருக்குப் போய்விட்டது. கொக்கு தான்தான் என்றபோது பெஞ்சுகள் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்கள்.

தலைமையாசிரியருக்குச் சிரிப்பு வரவில்லை. நிறுவனரின் மகள்தான் இப்போதைய தாளாளர், மதியம் வருகிறார். ஏணி கிடங்கில் இருந்தது, கிடங்குச் சாவி காவலாளியிடம் இருந்தது, காவலாளி விடுப்பில் இருந்தார். விளையாட்டு ஆசிரியர் கூடைப்பந்தை எறிந்து பார்த்தார். பந்து நிறுவனரின் மூக்கைப் பெயர்த்தது. பாட்டில் அசையவில்லை.

சூரனை அறைக்கு அழைத்தார்கள். இடைநீக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் அவன், நேற்று எனக்கு வயிற்றுவலி, சீக்கிரமே போய்விட்டேன் என்று சத்தியம் செய்தான். அப்போது கொக்கு கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

“சார், அது நான் எறிஞ்சது.”

தலைமையாசிரியர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மழையில் நனைந்தது அவருக்கு நினைவிருந்தது. “அவனைக் காப்பாத்த நீ ஏம்மா பழியை ஏத்துக்கிற?” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “எத்தனை நாளா இது?”

கொக்குக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது மடல் சுட்டது. “இவனையா? சார், அதுக்கு என்னை ஒரேயடியா டிஸ்மிஸ் பண்ணிடுங்க.”

சூரனின் முகம் வாடிப்போனது. தலைமையாசிரியர் அவளுடைய அம்மாவுக்குப் போன் போட்டார்.

தாளாளர் வந்து, மூக்கில்லாத தந்தையையும் அவர் தலைமேல் இருந்த பாட்டிலையும் வெகுநேரம் பார்த்தார். தலைமையாசிரியர் வழக்கை விளக்கினார்: செய்யக்கூடியவன் இல்லையென்கிறான், செய்ய முடியாதவள் செய்தேன் என்கிறாள். எறிந்து காட்டட்டுமே என்றார் தாளாளர். விதி இருக்கிறதே என்று தலைமையாசிரியர் இழுத்தார். விதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அவர்.

கொக்கு எறிந்த முதல் பாட்டில், மேலே இருந்த பாட்டிலைத் தட்டிக் கீழே தள்ளியது. இருந்த ஒரே அத்தாட்சியும் போயிற்று. அடுத்தது நிறுவனரின் கழுத்தில் பட்டது, அதற்கடுத்தது தோளில், இன்னொன்று விளையாட்டு ஆசிரியரின் முழங்காலில். எல்லா ஜன்னல்களிலும் தலைகள். சிரித்துச் சிரித்து அவர்களுக்கே சலித்துப்போனது. அவளுக்குத் தோள் கழன்றுவிடும்போல் வலித்தது, கண்ணில் நீர் முட்டியது, ஆனாலும் பாட்டிலைப் பொறுக்கிப் பொறுக்கி எறிந்தாள்.

“இங்க குடு” என்று தாளாளர் கை நீட்டினார். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எறிந்தார். அது அப்பாவின் முகத்தில் நேராகப் போய் விழுந்தது. “சாப்பிடும்போது சிரிக்கக் கூடாதுன்னு வீட்டுல சட்டம் போட்டவரு” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இன்னொரு பாட்டில் கேட்டார். அதுவும் முகத்தில்தான் பட்டது. குறி தவறியதாகத் தெரியவில்லை.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். குற்றம் நிரூபணமாகவில்லை, யாருக்கும் தண்டனை இல்லை, வகுப்புக்குப் போகலாம் என்றார். சூரன் முதல் ஆளாக நழுவினான். கொக்கு நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

“மேடம், எனக்குத் தண்டனை குடுங்க. நான்தான் செஞ்சேன்.”

தாளாளர் செருகியிருந்த புடவைத் தலைப்பை உருவிவிட்டார். பிறகு தலைமையாசிரியரிடம் திரும்பினார். “பொய் சொல்றவளா இருந்தா ரெண்டாவது எறியிலயே கை வலிக்குதுன்னு போயிருப்பா. ஒரு வாரம் சஸ்பெண்ட் பண்ணுங்க. மைக்ல சொல்லுங்க. காரணத்தோட சொல்லுங்க.”

நிறுவனரின் தலையில் பாட்டிலை நிற்க வைத்த குற்றத்துக்காக என்று ஒலிபெருக்கி சொல்லி முடிப்பதற்குள் கட்டடம் முழுக்கக் கைதட்டல் கிளம்பியது. அமைதி, அமைதி என்ற தலைமையாசிரியரின் குரல் அதில் அமுங்கிப்போனது.

அம்மா காக்கிச் சட்டையோடு வந்து சேர்ந்தாள். தலைமையாசிரியர் சொன்னதையெல்லாம் தலைகுனிந்து கேட்டாள், முறைப்படி மன்னிப்புக் கேட்டாள். முற்றத்துக்கு வந்து, பக்கத்தில் யாருமில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகு நின்றாள்.

“நெஜமாவே நின்னுச்சாடி?”

“நின்னுச்சும்மா.”

“எங்கேருந்து எறிஞ்ச?”

கொக்கு இடத்தைக் காட்டினாள். அம்மா அங்கே போய் நின்று, பேருந்தைத் திருப்புவதற்கு முன் இடம் பார்க்கிறவள்போல் ஒரு கண்ணை இடுக்கிச் சிலையை அளந்தாள். பிறகு, இந்த வாரம் முழுக்கப் பாத்திரம் கழுவுவது உன் வேலை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். வாசல்வரைக்கும் அவள் தோள்கள் குலுங்கின.

ஒரு வாரம் கழித்துக் கொக்கு தலைநிமிர்ந்து பள்ளிக்கு வந்தபோது பாட்டில் ஆட்டம் செத்துப்போயிருந்தது. எல்லோரும் விரலிடுக்கில் பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். அதுவும் அவளுக்கு வரவில்லை.