பாடத்துக்கு ஒரு வெல்லக்கட்டி

காலையில் பல் தேய்த்ததும் எங்கள் வீட்டில் பாடம் நடக்கும். பள்ளிக்கூடத்துப் பாடமில்லை. நான் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, வார்டு ஆபீஸ் ஆள் மாதிரி குரலைக் கட்டையாக்கி, பர்மாப் பேச்சில் கேட்பேன்.

"ஏய் பாப்பா, உங்க வாப்பா எங்கே?"

மெஹ்ரீனுக்கு மூன்று வயது. கன்னம் இரண்டிலும் தனகா மரப்பட்டைச் சாந்தை அப்பிக்கொண்டு, மூச்சு விடாமல் சொல்வாள்: "வாப்பா வீட்ல இல்ல. மலேசியா போயிட்டாங்க. எப்ப வருவாங்கன்னு தெரியாது."

சரியாகச் சொன்னால் ஒரு பனைவெல்லக்கட்டி. அவள் அதை வாயில் அடக்கிக்கொண்டு இன்னொரு தடவை கேட்கச் சொல்லி என் முந்தானையைப் பிடித்து இழுப்பாள். அவள் அண்ணன் ரிஹானுக்கு ஆறு வயது. அவனும் சொல்வான், ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வான். "நிமிர்ந்து சொல்லுடா, களவாணி மாதிரி முழிக்காதே" என்று அவனுக்கு மட்டும் வெல்லத்தோடு ஒரு அதட்டலும் கிடைக்கும்.

"பொய் சொன்னா அல்லா கோவிப்பான்னு ஓதுற பள்ளியில சொன்னாங்களேம்மா?"

"அல்லாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ பாடத்தைச் சொல்லு."

அவன் வாப்பா மலேசியாவில் இல்லை என்று அவனுக்குத் தெரியும். கியாக்தானில், ஆற்றோரம் எங்களுக்கு அண்ணன் மாதிரியான பர்கத்துல்லா காக்கா வைத்திருக்கும் பாக்குக் கடையின் பின்கட்டில் மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருந்தார். ரங்கூன் தாகேதாப் பகுதியிலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மத்தியானம் பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் போய்விடலாம். அவ்வளவு பக்கத்தில்தான் என் புருஷன் யாசர் வேறு தேசத்தில் இருப்பதுபோல இருந்தார். மழைக்காலத்தில், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் யாசர் பேரும் விழுந்துவிட்டது. முப்பத்து மூன்று வயதில், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், மூட்டைப்பூச்சியைக்கூட நசுக்கத் தெரியாத மனுஷன், துப்பாக்கி தூக்கணுமாம். அன்றைக்கே ஒரு பையில் ரெண்டு கைலியைத் திணித்து அனுப்பிவிட்டேன். மறுவாரத்திலிருந்து வார்டு ஆட்கள் வந்து வந்து கேட்டார்கள். என்னிடம் கேட்டால் பரவாயில்லை, நான் வாய்க்கு வாய் கொடுப்பேன். அந்தப் பாவிகள் பிள்ளைகளிடம் கேட்டார்கள், மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு. அதனால்தான் இந்தப் பாடம், இந்த வெல்லம் எல்லாம்.

நான் அதிராம்பட்டினத்துப் பெண். யாசர் இங்கேயே பிறந்தவர். ரங்கூன் மாப்பிள்ளை என்று என் உம்மா தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இங்கே வந்து பார்த்தால் மூன்றாவது மாடியில் ரெண்டு அறை, வெய்யில் வராத அடுப்படி, வந்தால் வரும் கரண்டு. சண்டை போடாத நாளில்லை. ஆனால் அவர் இல்லாமல் சண்டை போட ஆளில்லாத வீடு இருக்கிறதே, அது அதைவிட மோசம். நான் பேசுவதற்கு யாரும் 'ம்' கொட்டாமல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது.

போனில் முகம் பார்த்துப் பேசுவதில்லை. சுவர் மெல்லிசு. மெஹ்ரீன் வாப்பாவைப் பார்த்துவிட்டால் லேன் முழுக்கக் கேட்கிற மாதிரி கூவுவாள். அவள் தூங்கும் மத்தியான நேரத்தில், பர்கத்துல்லா காக்காவின் பட்டன் போனிலிருந்து யாசர் கூப்பிடுவார். ரிஹான் முக்காட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு குசுகுசுவென்று ரெண்டு வார்த்தை பேசுவான். ஐப்பசி பிறக்கிற சமயம் அது. ஊரில் அப்போதுதான் மழை தொடங்கும். இங்கே மழை ஓய்ந்து, வானம் வெளுத்து, தடிஞ்சு என்கிற பர்மாக்காரர்களின் விளக்குப் பண்டிகைக்குக் கடைகளில் கண்ணாடிக் காகித விளக்குகள் தொங்க ஆரம்பித்துவிட்டன. மீன், முயல், விமானம் என்று விதவிதமாக. ரிஹான் என்னிடம் ஒரு விளக்கு கேட்டான். "நமக்கென்னடா விளக்குப் பண்டிகை? இருக்கிற செலவு பத்தலையா?" என்று விரட்டிவிட்டேன். அன்று போனில் வாப்பாவிடம் மீன் விளக்கு கேட்டிருக்கிறான். அப்போது எனக்குத் தெரியாது.

பண்டிகைக்கு ரெண்டு நாள் முன்னால் யாசர் போனில் சொன்னார்:

"ஸமீரா, ஏஜெண்டு ஆள் சொல்லி அனுப்பிட்டான். பண்டிகைக்கு மறுநாள் விடியல்ல கிளம்புறேன். எல்லை தாண்டி தாய்லாந்து, அங்கேருந்து மலேசியா. காலூனினதும் உங்களைக் கூப்பிட்டுக்கறேன்."

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பொய்யை மெய்யாக்கப் போகிறாராம். காட்டுப் பாதையில் போனவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று யார் கண்டார்கள்?

"போங்க. போய்த் தொலைங்க. எங்களைப் பத்தி உங்களுக்கென்ன?" என்று கத்தினேன். பிறகு அழுதேன். எப்போதும்போல நான் ஓயும்வரை காத்திருந்து சொன்னார்:

"போறதுக்கு முன்னாடி பிள்ளைங்களை ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன் புள்ள. பண்டிகையன்னைக்குக் கூட்டமா இருக்கும், யாரும் யாரையும் பார்க்க மாட்டாங்க. இஷாத் தொழுகையை ஒட்டி வர்றேன். போன் கொண்டு வர மாட்டேன், வழியில பாலத்துல சோதனை போடறவங்க பிடுங்கிப் பார்க்கறாங்க. மணி ரெண்டு தடவை அடிச்சா நான்தான். சாவியை இறக்கு."

இங்கே மாடி வீடு எல்லாவற்றுக்கும் ஒரு கயிறு உண்டு. பால்கனியிலிருந்து தெருவரை தொங்கும். மேல் முனையில் மணி, கீழ் முனையில் கிளிப். பேப்பர்க்காரனும் ரொட்டிக்காரனும் கயிற்றை இழுத்து மணியடித்து, கிளிப்பில் மாட்டி அனுப்புவார்கள். மாடிப்படிக் கம்பிக்கதவு பூட்டியே இருக்கும். விருந்தாளி வந்தால் அதே கயிற்றில் சாவியை இறக்குவோம்.

"வாங்க. கருவாடு மட்டும் கொண்டு வராதீங்க, போன தடவை கொடுத்தனுப்பினது உப்பு தாங்கலை" என்றேன். அவரிடம் நான் சொன்ன கடைசிப் பேச்சு அதுதான்.

பிள்ளைகளிடம் மூச்சு விடவில்லை. மெஹ்ரீனிடம் சொன்னால் கீழே மொஹிங்கா மீன்சாறு விற்கும் பர்மாக்காரி டோ மியாவிலிருந்து வார்டு ஆபீஸ்வரை செய்தி போய்விடும். பண்டிகையன்று காலையிலும் பாடம் கேட்டேன். அன்றைக்குப் பார்த்து அவள் அவ்வளவு அழகாகச் சொன்னாள்.

கரி அடுப்பில் நெய்ச்சோறு வைத்தேன், கோழி ஆக்கினேன். ரிஹான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நின்றான்.

"யாரும்மா வர்றாங்க?"

"உன் பொண்டாட்டி வர்றா. போடா, போய்ப் படி."

மஃரிப் தொழுதுவிட்டுப் பால்கனியில் நின்றேன். முழு நிலா. எதிர் வீடுகளில் மாடிக்கு மாடி மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். பிள்ளைகள் பெரியவர்கள் காலில் விழுந்து காசு வாங்கிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் பால்கனி மட்டும் இருட்டு. கம்பிக்கதவுச் சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். இஷாவுக்கு இன்னும் நேரமிருந்தது.

அப்போது கரண்டு வந்தது. "மீ லா பீ!" என்று லேன் முழுக்கப் பிள்ளைகள் கூவின. கரண்டு வந்தால் இந்த ஊரில் யாரும் நின்றுகொண்டிருக்க மாட்டார்கள். எங்கள் தொட்டி நேற்றிலிருந்து காலி. கீழ்வீட்டுக்காரர்கள் மோட்டார் போட்டுவிட்டால் அப்புறம் மேலே சொட்டுத் தண்ணீர் ஏறாது. வருகிற மனுஷனுக்குத் தொழுமுன் கைகால் கழுவி ஒளூச் செய்யவாவது தண்ணீர் வேண்டாமா? "ரிஹான், வாடா, குழாயைப் பிடி" என்று பின்கட்டுக்கு ஓடினேன். மெஹ்ரீன் பால்கனியில் நின்று விளக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோட்டார் லாரி மாதிரி இரைந்தது. பாதித் தொட்டி நிரம்பியிருக்கும், அந்த இரைச்சலுக்கு மேலே மெஹ்ரீன் குரல் கேட்டது.

"வாப்பா வீட்ல இல்ல! மலேசியா போயிட்டாங்க!"

பண்டிகையும் அதுவுமாக வார்டு ஆட்கள் வந்துவிட்டார்களே பாவிகள்! இன்னும் கொஞ்ச நேரத்தில் யாசர் வந்து இவர்கள் கையில் மாட்டிக்கொள்வாரே! ரிஹான் வாயைப் பொத்தி, அவனை என்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் நின்றேன். மோட்டாரை நிறுத்தவும் பயம்.

மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை இன்னும் பலமாக, ஒரு சொல் பிசகாமல். "வாப்பா வீட்ல இல்ல! மலேசியா போயிட்டாங்க! எப்ப வருவாங்கன்னு தெரியாது!"

யா அல்லா, அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. என் வயிற்றில் பிறந்தது எப்படிச் சமாளிக்கிறது பார் என்று நினைத்தேன். தொட்டி வழிகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.

சத்தம் அடங்கியதும் மெல்லப் பால்கனிக்கு வந்தேன். கீழே விளக்கும் கூட்டமும்தான். ஆனால் கயிறு விறைத்துக்கொண்டு நின்றது. இழுத்தேன், கனத்தது. கிளிப்பில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே கண்ணாடிக் காகிதத்தில் ஒரு மீன் விளக்கு, ஒரு முயல் விளக்கு. அவற்றுக்குக் கீழே பேப்பரில் சுற்றிய பொட்டலம். பிரிக்க வேண்டியிருக்கவில்லை. கருவாட்டு வாடை அடித்தது.

"மெஹ்ரீன், மணி எத்தனை தடவை அடிச்சுது?"

அவள் ரெண்டு விரலைக் காட்டினாள்.

சாவியோடு படியில் விழுந்தடித்து இறங்கினேன். டோ மியா தன் மொஹிங்கா அண்டாவுக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து, பர்மாப் பேச்சில், தணிந்த குரலில் சொன்னாள்.

"தாடியை எடுத்துட்டான், முகத்துல மாஸ்க்கு. எனக்கே நடையை வச்சுத்தான் தெரிஞ்சது. 'மகளே, உம்மாவைக் கூப்பிடு'ன்னான். பிள்ளை அப்படிக் கத்துச்சு. சிரிச்சான். 'மெஹ்ரீன், நான்தான்'னு மாஸ்க்கைக்கூட இறக்கிக் காட்டினான். பிள்ளை இன்னும் சத்தமாக் கத்துச்சு. அதுக்குள்ள முக்குல வார்டு ஆளுங்க வந்துட்டாங்க, விளக்குக்கு வசூல் பண்ணிக்கிட்டு. நான்தான் கண்ணைக் காட்டினேன். பையை மாட்டிட்டுப் போயிட்டான்."

"எந்தப் பக்கம்?"

"பஸ் பக்கம். அழுதுக்கிட்டே போனான், ஸமீரா."

லேன் முனைவரை ஓடினேன். தொப்பியும் மாஸ்க்குமாக எத்தனையோ ஆண்கள். பேரைச் சொல்லிக் கூப்பிட முடியுமா? 'யாசர்' என்று அந்தத் தெருவில் நான் வாயைத் திறந்தால் அவருக்கு நானே தூக்குக்கயிறு திரித்துக் கொடுத்த மாதிரி ஆகும். நாள் முழுக்க ஓயாத வாய் எனக்கு. அன்றைக்கு அதைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். ஒரு பஸ் போனது. அதில் இருந்தாரோ, முந்தின பஸ்ஸில் போனாரோ, தெரியவில்லை.

மேலே ஏறி வந்தபோது பிள்ளைகள் விளக்குகளைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெஹ்ரீன் எழுந்து ஓடி வந்தாள்.

"ஒரு மாமா வந்து கேட்டாங்கம்மா. நான் கரெக்டா சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்." கையை நீட்டினாள்.

அவளை அடிக்கவா, அணைக்கவா? சொல்லிக் கொடுத்தவள் நான். "கரெக்டா சொன்னே, தங்கம்" என்று டப்பாவைத் திறந்து ரெண்டு கட்டி எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் கன்னத்தில் அதை ஒதுக்கிக்கொண்டு முயல் விளக்கைத் தூக்கினாள்.

"இது யாரு கொடுத்தது? அந்த மாமாவா?"

ரிஹான் மீன் விளக்கை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அவன் மீன் கேட்டது ஒரே ஒருத்தரிடம்தான். கண் ரெண்டும் நிறைந்திருந்தது. அவன் சொல்லிவிடுவான், அவள் வீடே அதிர அழுவாள், அது கீழே கேட்கும் என்று நான் நினைத்தேன். தடுக்கவும் எனக்குத் தெம்பில்லை.

அவன் தங்கச்சி பக்கம் திரும்பி, முதல் தடவையாக, தலை நிமிர்ந்து சொன்னான்.

"ஆமா, யாரோ ஒரு மாமா. வாப்பாதான் மலேசியாவுல இருக்காங்களே?"

அவனுக்கும் ஒரு கட்டி எடுத்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை.