பதிவான முகம்

கைப்பேசி அவளை ஏற்க மறுத்தது. ‘முகம் பொருந்தவில்லை. நல்ல வெளிச்சத்தில் மீண்டும் முயலவும்’ என்று வந்தது. திரைச்சீலை தைப்பவள் ஜன்னலருகே போய் நின்றாள். ஜன்னலுக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். அதில் பட்டு வந்த வெளிச்சத்தில் முகத்தைக் காட்டினாள். ‘கண்ணாடியைக் கழற்றவும்.’ கழற்றினாள். ‘தலையை இடப்பக்கம் திருப்பவும்.’ திருப்பினாள். ‘முகம் பொருந்தவில்லை.’

பழைய கைப்பேசியில் பின் நம்பர் போட்டால் போதும், கணக்கு திறந்துவிடும். அது இஸ்திரிப் பெட்டிக்காக வைத்திருந்த தண்ணீர் வாளியில் விழுந்து செத்தது. புதியது வாங்கியதும் பணம் செலுத்தும் ஆப்புக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பின் நம்பர் கேட்டது, கொடுத்தாள். ஓடிபி கேட்டது, கொடுத்தாள். கடைசியில் முகத்தைக் கேட்டது. நான்கு வருஷத்துக்கு முன் கணக்கு தொடங்கியபோது பதிவான முகம்தான் வேண்டுமாம்.

உதவிப் பக்கத்தில் ஒரு கார்ட்டூன் பொம்மை கையசைத்தது. ‘கணக்கைத் திறக்க முடியவில்லை’ என்று எழுதினாள். ‘வருந்துகிறோம். உங்கள் கணக்கைத் திறந்து, புகார் பகுதிக்குச் செல்லவும்’ என்றது பொம்மை.

“கணக்கத் தெறக்க முடிஞ்சா உங்கிட்ட எதுக்குடா வர்றேன்?” என்று பொம்மையிடம் வாய்விட்டே கேட்டாள்.

மூன்று மணிக்குள் தெருமுனைக் கடைக்கு முன்பணம் போயாக வேண்டும். கண்ணாடி முகப்புள்ள கடை. திரையை உள்ளே தொங்கவிட்டால் பேருந்தில் போகிறவர்கள்கூடப் பார்ப்பார்கள். இப்போதிருக்கும் மாடிப் பின்னறையை யாரும் பார்த்ததில்லை. வாடிக்கையாளர்கள் தெருவில் நின்று போன் செய்வார்கள். இவள் தையலை விட்டுவிட்டு இறங்கிப் போய்க் கூட்டிவர வேண்டும். ஜெராக்ஸ்காரரும் அதே கடையைக் கேட்டிருந்தார். கட்டடக்காரர் இருவரிடமும் ஒன்றையே சொல்லியிருந்தார்: “இன்னைக்கு மூணு மணிக்குள்ள யார் பணம் மொதல்ல என் கணக்குல வருதோ, அவங்களுக்குச் சாவி. நாளைக்கித் தர்றேன், கையில தர்றேங்கற கதையெல்லாம் வேணாம்.”

கணவன் சாப்பிட வந்திருந்தான். வீடு வீடாகப் போய்த் திரைக்கம்பி மாட்டுவது அவன் வேலை. தலைமுடியெல்லாம் சுவர்த்தூள்.

“முகம் பொருந்தலியாம்” என்றாள்.

“நாலு வருஷத்துல நீ கொஞ்சம் மாறித்தான் போயிட்டே. மெஷின் வாய்விட்டுச் சொல்லுது, நான் சொல்லல, அவ்வளவுதான்.”

“பேசாமச் சாப்புடு.”

“உன் தங்கச்சியக் கூப்புடேன். இந்த ஆப்பெல்லாம் அவதானே போட்டுக் குடுத்தா.”

“அவ வேணாம்.”

“கூப்ட்டாச்சு. கெளம்பிட்டாளாம்.”

அவள் கத்திரியை மேசைமேல் வைத்த சத்தத்தில் கணவன் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தான்.

அக்காவும் தங்கையும் இரட்டையர். இவள் பத்து நிமிஷம் முந்தி வந்துவிட்டதால் வீட்டில் பெரியவள், அவள் சின்னவள். அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பிறகு எதிலும் தான் முந்தியதாகப் பெரியவளுக்கு நினைவில்லை. சின்னவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்கிறாள். நாளெல்லாம் ஏசிக் காற்று. பெரியவளுக்கு இஸ்திரி ஆவி, துணித்தூசி, ஊசிக்கு முன் குனிந்தே கழியும் பொழுது. போன மாதம் பொத்தான் கடைக்காரர், “அவங்க உங்க தங்கச்சியா? எத்தன வருஷம் எளையவங்க?” என்று கேட்டார். பத்து நிமிஷம் என்று சொல்ல நா எழவில்லை. “ஆறு வருஷம்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சின்னவள் வந்தாள். மாடிப்படி ஏறி வந்தும் மூச்சு வாங்கவில்லை. நீலச் சீருடையில் ஒரு கசங்கல் இல்லை. கூடவே மருத்துவமனையின் கிராம்பு வாசனையும் வந்தது. அந்த வாசனைகூடப் பெரியவளுக்குத் திமிராகத்தான் பட்டது.

“என்ன மாமா, சாப்பாடெல்லாம் பலமா?”

“வாம்மா. இவதான் உங்கக்கான்னு நிரூபிக்கணும். சாட்சி சொல்ல வந்தியா?”

“லஞ்ச் டைம்ல ஓடி வந்திருக்கேன், சீக்கிரம் சொல்லுங்க. போன் எங்கக்கா? பாஸ்வேர்ட் மறந்துட்டியா?”

“எனக்கு ஒண்ணும் மறக்கல. அதுக்குத்தான் என்னய மறந்துபோச்சு.”

சின்னவள் கைப்பேசியை வாங்கினாள். என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்காக முகத்துக்கு நேரே தூக்கினாள். பச்சை வட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது. டிங் என்று ஒரு சத்தம்.

‘மீண்டும் வருக!’

கணவன் சிரித்தான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

“தெறந்துடுச்சுக்கா” என்றாள் சின்னவள், தயக்கத்துடன்.

“தெரியுது.”

“நல்லதுதானே. அனுப்பிடலாம்.”

“என் பேரு, என் கணக்கு, நான் ராப்பகலா தெச்ச காசு. மூஞ்சி மட்டும் உன்னுது கேக்குதா? அந்தக் காலத்து நான் இப்ப நீதானா?”

“அதுக்கு நான் என்னக்கா பண்ணுவேன்?”

“நீ ஒண்ணும் பண்ண வேணாம். நீ சும்மா நின்னாலே எல்லாம் தெறக்கும். எங்கிட்ட மிச்சம் இருந்தது ஒரு மூஞ்சி. அதையும் வெச்சுக்க.”

சொல்லிவிட்டு அவள் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள். பணம் அனுப்பும் பக்கத்துக்குப் போய்க் கட்டடக்காரரின் எண்ணைப் போட்டாள். ‘பெரிய தொகை. முகத்தைக் காட்டவும்’ என்று வந்தது. தன் முகத்தைக் காட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி காட்டினாள்.

“இன்னொரு வாட்டி தப்பாப் போனா நாளைக்குத்தான் தெறக்கும்னு போட்டிருக்கு” என்று எட்டிப் பார்த்த கணவன் சொன்னான். “ஜெராக்ஸ்காரன் இந்நேரம் பேங்க் வாசல்ல நிப்பான். வீம்பு பிடிக்கற நேரமா இது?”

சின்னவள் அக்காவின் தோளுக்கு மேலாகக் கை நீட்டி, பாதுகாப்பு என்றிருந்த இடத்தைத் தொட்டாள். ‘பதிவான முகம்’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் பொத்தான் அளவுக்கு வட்டமாக ஒரு படம். இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கினாள்.

முகத்துக்குக் கீழே நீலக் காலர் தெரிந்தது.

“இது நான்” என்றாள் சின்னவள்.

மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

“அக்கா, இது நானேதான். ஆப்புப் போட்ட அன்னைக்கு நீ ஏதோ ஓட்டலுக்கு அவசரமா வெட்டிக்கிட்டிருந்தே. செல்ஃபி கேக்குதுக்கான்னேன். கத்திரிய வெக்கமாட்டேன்னுட்டே. ரெண்டும் ஒரே மூஞ்சிதானே, உன்னுதக் காட்டிட்டுப் போடின்னு நீதான் சொன்னே.”

பெரியவளுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. ஓட்டல் சாப்பாட்டு அறைக்கான பழுப்புத் துணி, நழுவிக்கொண்டே இருந்தது. ஒரே மூஞ்சி என்று அவள் சொன்னது உண்மைதான். அப்போது அது பொய்யாகவும் தோன்றவில்லை.

ஆக, தான் மாறிப்போனதாக எந்த மெஷினும் சொல்லவில்லை. காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. இறங்கிய வேகத்திலேயே இன்னொன்று ஏறியது. நான்கு வருஷமாக அந்தக் கணக்கின் உள்ளே உட்கார்ந்திருந்ததும் இவள்தானா?

“சரி, காட்டு. அனுப்பு” என்று கைப்பேசியை நீட்டினாள்.

சின்னவள் வாங்கினாள். ஆனால் முகத்துக்கு நேரே கொண்டுபோகவில்லை.

“அந்த முனைக் கடையா? கண்ணாடி வெச்சதா?”

“ஆமா.”

“பேரு வெச்சாச்சா?”

“யோசிக்கல.”

“போர்டு நீயே வெச்சுக்கலாம். லைட்டு உனக்குப் புடிச்சதப் போடலாம். எப்பத் தெறக்கணும்னு நீதான் முடிவு பண்ணுவே.” சின்னவள் கைப்பேசியைப் பார்த்தபடியே பேசினாள். “எட்டு வருஷமா நான் ‘உக்காருங்க, டாக்டர் வந்துடுவாங்க’ன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். சிரிக்கலேன்னா மெமோ குடுப்பாங்க, தெரியுமா உனக்கு? அந்த மேசையில எனக்குன்னு ஒரு டிராயர் கெடையாதுக்கா.”

பெரியவள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். உதடு ஒட்டிக்கொண்டு, கண் ஒரே இடத்தில் நிலைத்து நின்றது. அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும், உள்ளிருந்து தெரியும். வெளியிலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. மறைக்காமல் சொன்னால், அவளுக்கு அது இனித்தது. கொஞ்ச நேரம் அவளை அப்படியே நிற்கவிட்டாள்.

“நான் காட்டலேன்னா?” என்றாள் சின்னவள். விளையாட்டாகச் சொன்னதுபோல்தான் இருந்தது.

“ஜெராக்ஸ்காரருக்குப் போயிடும்.”

கணவன் வாயைத் திறந்தான். பெரியவள் கையமர்த்தினாள்.

சின்னவள் மூச்சை விட்டாள். கைப்பேசியைத் தூக்கி, கண்ணைச் சிமிட்டி, தலையை இடப்பக்கம் திருப்பினாள். டிங். பணம் போய்விட்டது.

“மூஞ்சிய மாத்திடலாம், இப்பவே. மொதல்ல நான், அப்பறம் நீ” என்றாள். அவள் குரல் பழையபடி வரவேற்பு மேசைக் குரலாகியிருந்தது. சின்னவள் காட்டினாள், பெரியவள் காட்டினாள். ஆப் இந்தத் தடவை எதுவும் கேட்காமல் பெரியவளை எடுத்துக்கொண்டது. மூக்கில் கண்ணாடித் தழும்பு, காதோரம் ஒட்டிய நூல். “நல்லாத்தான் இருக்கு” என்றாள் சின்னவள். அதில் பொய் எவ்வளவு என்று பெரியவள் தேடினாள், பிடிபடவில்லை.

“வர்றேன் மாமா. லேட்டாப் போனா அங்க ஒரு பாட்டு இருக்கு.”

அவள் இறங்கிப் போன சிறிது நேரத்தில் கைப்பேசி அடித்தது. தங்கைதான்.

“அக்கா, இங்க முனையில அந்தக் கட்டடக்காரர் என்னப் பாத்துட்டு, ‘பணம் வந்துடுச்சும்மா’ன்னு சாவியக் கையில குடுத்துட்டாரு. நான் நீ இல்லேன்னு சொல்றதுக்குள்ள ஸ்கூட்டர எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. கதவுக்கு முன்னாடிதான் நிக்கறேன். தெறந்து பாக்கட்டுமா?”

“தெறக்காதே.”

“சும்மா உள்ள எட்டி...”

“தெறக்காதேடி! நான் வர்றேன்.”

பெரியவள் செருப்பு மாட்ட மறந்து படியிறங்கினாள். கழுத்தில் டேப் ஆடியது. நடைபாதையில் அவளைப் பார்த்து இரண்டு பேர் ஒதுங்கினார்கள். முனையில் சின்னவள் சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு, கண்ணாடிக்கு ஓரடி தள்ளி நின்றிருந்தாள்.

“உள்ள போகல. பாத்துக்க.”

பெரியவள் சாவியை வாங்கினாள். பூட்டு முதல் தடவையே திறந்தது. சின்னவள் ஓரடி முன்னே வந்தாள்.

“ஒரு நிமிஷம் இங்கயே நில்லு.”

பெரியவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காலி அறை. தரையில் பழைய கடையின் செய்தித்தாள்கள், சுவரில் ஆணித் துளைகள். அவள் வெறுங்காலுடன் கோடிவரை நடந்தாள், அங்கிருந்து முன்பக்கம் திரும்பினாள். முகப்பு முழுக்க வெளிச்சம். அதற்கு அப்பால் சின்னவள் மணிக்கட்டைக் காட்டி, நேரமாகிறது என்று கண்ணாடியைத் தட்டினாள். பெரியவள் ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, டேப்பை விரித்து முகப்பின் அகலத்தை நிதானமாக அளக்கத் தொடங்கினாள்.