துக்கம் விசாரிக்க வந்த ஓடை

வெள்ளம் வடிந்த பதினெட்டாம் நாள், மதியம் மூன்று மணிக்கு, டென்னிஸை அடித்துக்கொண்டு போன ஓடை அவன் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தது.

பெண் உருவத்தில் வந்தது. நாற்பது வயது மதிக்கலாம். செம்மண் நிறச் சேலை, முந்தானையில் நீர் சொட்டியது. கல்வராயன் மலையிலிருந்து வடக்கனந்தல் வரை தினமும் வருகிற வழிதான். நடந்து வருவதுதான் புதிது.

வாசலில் டென்னிஸின் தங்கை ஜெஸி உட்கார்ந்திருந்தாள். பார்த்ததுமே அவளுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பதினேழு வருடம் குளித்த தண்ணீரை வாசனை வைத்தே சொல்லிவிடலாம்.

"வணக்கம்" என்றது ஓடை, கைகூப்பி.

"சாவு வூட்ல யாரும் வணக்கம் சொல்ல மாட்டாங்க. கம்முனு வந்து உக்காரணும்."

"தெரியாது கண்ணு. கரையில நடக்குற காரியம்லாம் எனக்கு அத்துப்படி. வூட்டுக்குள்ள ஒருவாட்டிதான் வந்திருக்கேன்."

"அதான் செவுத்துல தெரியுதே" என்றாள் ஜெஸி. நெஞ்சளவு உயரத்தில் சேற்றுக்கோடு வீட்டைச் சுற்றி ஓடியது.

உள்ளேயிருந்து அம்மா உபகாரமேரி எட்டிப் பார்த்தாள். யார் வந்தாலும் கேட்கிற வாய், இப்போதும் கேட்டுவிட்டது. "தண்ணி குடிக்கிறியாம்மா?"

ஓடை கூடத்தில் வந்து உட்கார்ந்து, மரியாதைக்கு ஒரு சொம்பு முழுக்கக் குடித்தது. "போர் தண்ணியா? எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்" என்றது.

டென்னிஸுக்கு வயது இருபத்தொன்று. தரைப்பாலத்தில் முழங்காலளவு தண்ணீர்தான் என்று நம்பி பைக்கை விட்டான். அந்தப் பக்கத்து ஆண்பிள்ளைகள் எல்லோரும் வருடாவருடம் அப்படித்தான் நம்புவார்கள். பைக் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. தீயணைப்புப் படை ஒன்பது நாள் தேடிவிட்டுத் திரும்பியது. அப்பா தைரியநாதன் மட்டும் விடிந்ததும் மூங்கில் கழியோடு கிளம்பி, கரையோரப் புதரெல்லாம் குத்திப் பார்த்துவிட்டு இருட்டும்போது வருவார். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியாகிவிட்டது. உள்ளே வைக்கத்தான் ஆள் இல்லை.

"எங்க வெச்சிருக்க எங்கண்ணன?" என்றாள் ஜெஸி.

"அன்னிக்கு நான் நானா இல்ல, கண்ணு. மலைமேல கரியாலூர்ல மழை ஒரே ராத்திரில கொட்டித் தீத்துடுச்சு. தெளிஞ்சு பாத்தா என்கிட்ட ரெண்டு ஆடு, ஒரு பிரிட்ஜு, யாரோட தேர்தல் போர்டோ ஒண்ணு. அப்புறம் டென்னிஸு."

"ஆடு, பிரிட்ஜெல்லாம் கரையில தள்ளிட்ட. அவன மட்டும் இன்னாத்துக்குப் புடிச்சு வெச்சிக்கினு இருக்க?"

"நீச்சல் கத்துக் குடுத்ததே நான்தான். எந்த மூஞ்ச வெச்சிக்கினு கொண்டாந்து குடுப்பேன்?"

ஜெஸி பதினெட்டு நாளாக மனசுக்குள் தயாரித்து வைத்திருந்த வசவுகளை வரிசையாக எடுத்து விட்டாள். சிலது அவள் அம்மாவுக்கே புதிது. ஓடை தலைகுனிந்து கேட்டது. முடிந்ததும் அது அழ ஆரம்பித்தது. ஓடை அழுதால் கொஞ்சமாகவா அழும்? கூடத்தில் கணுக்கால் வரை ஏறியது. நாற்காலி ஒன்று மெதுவாகக் கிளம்பியது.

"ஏய், அழாத! நேத்துதான் சேத்த வாரிப் போட்டோம்!" என்று துடைப்பத்தை எடுத்து ஓடினாள் ஜெஸி. தண்ணீரைத் தள்ளிக்கொண்டே தானும் அழுதாள். உபகாரமேரி வந்து ஒரு கையால் மகளையும் மறுகையால் ஓடையையும் பிடித்துக்கொண்டாள். பிடிக்கப் பிடிக்க ஓடை விரலிடுக்கில் வழிந்தது.

"தடுப்பணைக்குக் கீழ புங்கமரம் ஒண்ணு சாஞ்சு கெடக்குதுல்ல?" என்றது ஓடை, மூக்கை உறிஞ்சி. "அதும் வேருக்குள்ள. மீனு ஒண்ணையும் கிட்ட அண்ட வுடல. காலைல வாங்க, நான் ஒதுங்கிக்கிறேன்."

எழுந்து, வாசலில் நின்று, "போய்ட்டு வரேன்" என்றது.

உபகாரமேரி நெஞ்சில் சிலுவை போட்டாள். சாவு வீட்டில் யாருமே சொல்லக்கூடாத வார்த்தை. அதுவும் சொன்னது வேறு யாரும் இல்லை, ஓடை.

"சொல்லாமத்தான் போவணும், யக்கா" என்றாள் ஜெஸி. ஓடையின் முகம் தொங்கிப்போனது. அவளுக்குப் பாவமாக இருந்தது. "சரி, வா. வராம எங்க போவ? ஆனா மெதுவா வா."

மறுநாள் காலையில் தடுப்பணைக்குக் கீழே தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடியது. புங்கமரத்து வேர்களுக்கு நடுவே டென்னிஸின் நீலச் சட்டை தெரிந்தது. தைரியநாதன் முட்டி போட்டு உட்கார்ந்து, தூங்குகிறவனை எழுப்புகிற குரலில், "டேய் தம்பி" என்றார்.

போலீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் முடிந்து அடுத்த நாள் சாயங்காலம் அடக்கம். குழி மூடியதும் வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டு, தைரியநாதன் தட்டின் முன் உட்கார்ந்தார். இத்தனை நாளும் என்ன போட்டார்கள், என்ன சாப்பிட்டோம் என்று அவருக்குத் தெரியாது. ஒரு வாய் வைத்தார்.

"கொழம்புல இன்னா, உப்பு கம்மியா கீது?"

உபகாரமேரி வேகமாக அடுப்படிக்குப் போனாள். ஜெஸி அப்பாவின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.