தளத்துக்குத் தண்ணீர்

கூலியில் அரை மரக்கால் நெல் கூடக் கேட்டதற்கு, கீழ்வேளூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவரின் ஆட்கள் ஒரு தெருவையே கொளுத்திவிட்டார்கள். தெருக்காரர்கள் வாய்க்காலில் குதித்துத் தப்பினார்கள். கூத்தாநல்லூர் போகும் வழியில் அவர்களுக்கு அரசாங்கம் காலனி கட்டிக்கொடுத்தது. தேர்தல் நெருங்கிவிட்டதால், வீடுகளின் கூரைத் தளம் காயுமுன்பே மந்திரி வந்து திறந்துவைத்துப் பேசினார். தளத்தைவிடப் பேச்சு கெட்டியாக இருந்தது.

அங்கே குடிவந்தவர்களில் வைரக்கண்ணுவுக்கு மட்டும் கான்கிரீட் மேல் நம்பிக்கை இல்லை. பழைய தெருவில் மிரட்டல் வந்ததிலிருந்து, பொழுது சாயும்போது கீற்றுக்கூரையை நனைத்துவைப்பது அவள் வழக்கம். கொளுத்திய அன்று மட்டும் நடவில் நேரமாகி, அவள் நனைக்கவில்லை. ஆகவே இங்கே ஒரு நாளும் தவறவில்லை. கொத்தனார் விட்டுப்போன ஏணியில் குடத்தோடு ஏறிவிடுவாள். படுக்கை வாசற்படியில், எழுந்து ஓடத் தோதாக.

"உள்ள வந்து படேன்" என்பான் புருஷன் இராஜாங்கம்.

"நீ தூங்கு. பத்திக்கிட்டா எழுப்புறேன்."

பக்கத்து வீட்டுத் தர்மாம்பாள் விடுவாளா? "கல்லு பத்திக்கிட்டு எரியுதாம், அக்கா அணைக்கிறாங்க!"

"சிரிடி. எரியுறப்ப எங்கிட்டதான் குடம் கேப்ப."

ஐப்பசியில் காலனி எரியவில்லை, ஒழுகியது. முதல் மழைக்கே வீட்டுக்கு வீடு தளத்தில் வெடிப்பு. ஒழுகாதது வைரக்கண்ணு வீடு ஒன்றுதான். மத்தியானச் சோற்று நேரத்தில் தெருவே பாயும் கோழியுமாக அங்கே வந்து அடைந்தது. ஏணியைத் தேடி வந்த கொத்தனார் நெய்னா முகம்மதுவும் மழையில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"ஒரு கீறல் இல்லையே! யாரும்மா தண்ணி ஊத்துனது?"

எல்லாரும் அவளைக் காட்டினார்கள்.

"புதுத் தளத்த நனைச்சிக்கிட்டே இருக்கணும், இல்லாட்டி வெடிச்சிரும். காண்டிராக்டர்கிட்ட சொன்னேன். தண்ணிக்குப் பில்லு போட முடியாதேன்னு வருத்தப்பட்டாரு."

"எங்ககிட்ட ஏன்க்கா சொல்லல?" என்றாள் தர்மாம்பாள்.

"எனக்கு என்னடி தெரியும்? நான் நெருப்புக்குல்ல ஊத்துனேன்!"

வந்தவர்களுக்கெல்லாம் இடம் விட்டு விட்டு, வைரக்கண்ணு உள்மூலைக்குப் போய்விட்டிருந்தாள். இனி ஓடுவதென்றால் தெருவையே தாண்டித்தான் ஓட வேண்டும். எப்படி ஓடுவது என்று யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் தூங்கிப்போனாள். குறட்டையில் கோழிகள் கொஞ்சம் மிரண்டன.

மழை இருட்டில் திடுக்கிட்டு விழித்தாள். "ஐயையோ, பொழுது சாஞ்சிருச்சே! கூரைய நனைக்கலையே!"

"வானம் நனைச்சிக்கிட்டுதான் இருக்கு" என்றாள், வாசற்படியில் உட்கார்ந்திருந்த தர்மாம்பாள். "நீ தூங்குக்கா."

வைரக்கண்ணு சுவர்ப்பக்கமாகப் புரண்டு படுத்தாள்.